கேளுங்க, சொல்றேன்: முப்பத்தொண்ணாவது மாடியில ஒரு டீ

போன மாசம் லண்டன் பத்தி எழுதுறப்போ, ஷார்ட் கட்டிடத்துல 31வது மாடியில உக்காந்து ஆஃப்டர்நூன் டீ சாப்பிட்டோம்னு போற போக்குல ஒரே ஒரு வரி போட்டேன். மியூசியம் பத்தி ஒரு பக்கம் எழுதினேன், அதை யாரும் கண்டுக்கவே இல்ல, வந்த லெட்டர்ல பாதிக்கு மேல அந்த டீயைப் பத்திதான். சரி, இந்த தடவை முழுக்க டீதான்.

எங்க முப்பதாவது கல்யாண நாளுக்கு லண்டன்ல இருக்கிற பொண்ணு அந்த மாதிரி ஒரு இடத்துல டிசம்பர்ல புக் பண்ணிருக்கா. ஒரு டீ குடிக்க எதுக்குடி ரெண்டு மணி நேரம்னு கேட்டா சிரிக்கிறா. புடவை கட்டலாமா? கத்தி, முள்கரண்டி எல்லாம் எனக்குப் பழக்கமே இல்லக்கா. (திருச்சி வாசகி)

முதல்ல வாழ்த்துகள். இப்ப முக்கியமான விஷயம், அன்னைக்கு மதியம் சாப்பிட்டுட்டுப் போகாதீங்க. பேருதான் டீ, வர்றது ஒரு முழுச் சாப்பாடு. நான் முதல் தடவை (அது வேற ஒரு ஹோட்டல்) வீட்டுல சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்னு வயிறு முட்ட சாப்பிட்டுட்டு, என்ன பெரிய டீ, கூட ரெண்டு பிஸ்கட்டு குடுப்பான்னு நெனச்சு போய் உக்காந்தேன். மூணு அடுக்கு ஸ்டாண்டைக் கொண்டுவந்து வெச்சதும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மூஞ்சி போன போக்கைப் பாக்கணும்!

வழக்கமா அடித்தட்டுல விரல் நீளத்துக்கு வெட்டின சாண்ட்விச், நடுவுல ஸ்கோன், மேல குட்டிக் குட்டி கேக்கு, டார்ட்டு எல்லாம் இருக்கும். கீழ இருந்து மேல போகணும். நான் ஆசையில மேல இருந்து ஆரம்பிச்சேன், ஸ்கோனுக்கு வர்றப்போ நாக்கே இனிச்சுப் போயிருந்துச்சு. சாண்ட்விச்சைக் கையில எடுத்தே சாப்பிடலாம், எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுறாங்க. ஸ்கோனையும் கையாலதான் ரெண்டா பிக்கணும், கத்தி ஜாமும் க்ரீமும் தடவ மட்டும்தான். ஆக, இட்லியைப் பிட்டு சட்னி தொட்டுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல. ஸ்கோன்னா பன்னும் இல்லாம பிஸ்கட்டும் இல்லாம நடுவாந்தரமா ஒண்ணு. கூட வர்ற க்ளாட்டட் க்ரீம்னா பயப்படாதீங்க, நம்ம பாலாடைக்குச் சொந்தக்காரன்தான். க்ரீமை மெதுவா சூடாக்கி ஆறவிட்டு மேல கட்டியா படியுறதை எடுக்கிறாங்க, கார்ன்வால்ங்கிற இங்கிலாந்து மாவட்டத்து க்ளாட்டட் க்ரீம்ல கொழுப்பு 55 சதவீதமாவது இருக்கணும்னே கணக்கு வெச்சிருக்காங்க. டாக்டர் கிட்ட சொல்லாதீங்க.

புடவை தாராளமா கட்டுங்க, பட்டாவே கட்டுங்க, அந்த ஹால்ல நீங்கதான் அழகா இருப்பீங்க. டிசம்பர் குளிருக்கு மேல ஒரு நல்ல கோட்டு, கால்ல சாக்ஸோட ஷூ. உள்ள ஹீட்டர் இருக்கும், குளிரெல்லாம் ஸ்டேஷன்ல இருந்து நடக்குற அந்த அஞ்சு நிமிஷம்தான். வீட்டுக்காரர் கிட்ட மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூ வேணாம்னு சொல்லி வைங்க. ரிட்ஸ் மாதிரி பழைய ஹோட்டல்ல ஜீன்ஸு, ஸ்போர்ட்ஸ் ஷூ ரெண்டுக்கும் தடை, ஆம்பளைங்கன்னா கோட்டும் கேப்பாங்க. உயரமான கட்டிடத்து ரெஸ்டாரண்டுல பொதுவா அவ்ளோ கெடுபிடி கிடையாது, நீட்டா இருந்தா போதும்.

அந்த மாடியில இருந்து உண்மையிலேயே என்ன தெரியும்? மேகமா இருந்தா காசு தண்டம்தானே? (சேலம் வாசகர்)

மேகம் இறங்கிடுச்சுன்னா தண்டம்தான், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது. வெள்ளைச் சுவத்தைப் பாத்துக்கிட்டே டீ குடிச்சுட்டு வந்தவங்களும் இருக்காங்க. பணத்தைத் திருப்பியும் தரமாட்டாங்க. ஆனா லண்டன் மேகம் நம்ம ஊரு பவர்கட் மாதிரி, எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அரை மணி நேரத்துல வெளுத்தாலும் வெளுக்கும்.

ஷார்ட் 310 மீட்டர் உயரம், காலடியிலேயே லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன். 31வது மாடின்னா பாதி கூட இல்ல, அதுவே போதும்னு நான் சொல்வேன். ரொம்ப மேல போனா எல்லாம் மேப்பு மாதிரி ஆயிடும், இந்த உயரத்துல ரயில் பொம்மை மாதிரியும் தெரியும், தேம்ஸ்ல போற படகுல ஆளுங்க நிக்கிறதும் தெரியும். அந்தப் பக்கம் செயின்ட் பால்ஸ் கோபுரம், இந்தப் பக்கம் டவர் பிரிட்ஜ், அதுக்குப் பக்கத்துல பழைய கோட்டை. ரெண்டு கோபுரம் வெச்ச அந்த அழகான பாலத்தைத்தான் நம்ம ஆளுங்க போட்டோ போட்டு லண்டன் பிரிட்ஜ்னு எழுதுறாங்க, அது டவர் பிரிட்ஜ், 1894ல தொறந்தது. லண்டன் பிரிட்ஜ் பாவம், பக்கத்துல சும்மா ஒரு சாதா கான்கிரீட் பாலம்.

இன்னொண்ணு, நேரம் பாத்து புக் பண்ணுங்க. டிசம்பர் கடைசில அங்க சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும். நாலரைக்கு ஸ்லாட் எடுத்தா முழுக்க இருட்டுதான், ரெண்டரைக்கு எடுத்தீங்கன்னா சாண்ட்விச்சுக்கு வெளிச்சம், ஸ்கோனுக்கு அந்தி, கேக்கு சாப்பிடுறப்போ ஊரு முழுக்க லைட்டு போட்டிருக்கும், ஒரே டிக்கெட்டுல மூணு ஷோ. ஜூன்ல இந்தக் கவலையே இல்ல, ராத்திரி ஒம்போது தாண்டியும் வெளிச்சம். ஜன்னலோர டேபிள் வேணும்னு புக்கிங்லயே எழுதுங்க, தர்றோம்னு உறுதி சொல்ல மாட்டாங்க, கல்யாண நாள்னு ஒரு வார்த்தை சேத்துக்கிட்டா கொஞ்சம் மனசு இறங்குவாங்க.

சுத்த சைவம் நாங்க, முட்டையும் கிடையாது. எழுபது பவுண்டு குடுத்து வெள்ளரிக்கா பிரெட்டு சாப்பிடணுமா மேடம்? (மதுரை வாசகர்)

ஆமாங்க, வெள்ளரிக்கா பிரெட்டு நிச்சயம் உண்டு, அதுதான் அதுல பெரிய ஸ்டாரு. கிண்டல் பண்ணாதீங்க, தோல் சீவி மெல்லிசா வெட்டி பட்டரோ க்ரீம் சீஸோ தடவி குடுக்கிறப்போ நல்லாத்தான் இருக்கு.

பல இடத்துல சைவத்துக்குத் தனி மெனுவே இருக்கு, பாலும் வேணாம்ங்கிறவங்களுக்கு வீகன் மெனுவும் இருக்கு. ஆனா அவங்க ஊரு வெஜிடேரியன்ல முட்டை சைவம்! அங்கதான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறது. ஸ்கோன் மேல பளபளன்னு இருக்கே, அது பெரும்பாலும் முட்டை தடவி பேக் பண்ணது. கேக்குலயும் முட்டை, மூஸ் மாதிரி ஆடுற ஐட்டத்துல ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டுலயோ பன்னிலயோ இருந்து எடுக்கிறது. அதனால அங்க போய் உக்காந்து சொல்றதுல பிரயோஜனம் இல்ல, புக் பண்றப்பவே முட்டையும் வேணாம், ஜெலட்டினும் வேணாம்னு தனித்தனியா எழுதிருங்க. என்னைக் கேட்டா உங்களுக்கு வீகன் மெனு எடுத்துக்கிறதுதான் நிம்மதி, பால் ஜக்கைத் தனியா கேட்டு வாங்கிக்கலாம்.

காசு விஷயம், பெரிய இடங்கள்ல ஆளுக்கு 60ல இருந்து 80 பவுண்டு, அதுக்கு மேலயும் போகும். பவுண்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல ஆகுது, நீங்களே பெருக்கிக்கோங்க, நான் பெருக்கினா எனக்கு மறுபடி வயித்தெரிச்சலாகும். பில்லுல பன்னண்டரை சதவீதம் மாதிரி சர்வீஸ் சார்ஜ் தனியா சேத்திருப்பாங்க. உக்காந்ததும் ஷாம்பெயின் வேணுமான்னு பவ்யமா கேப்பாங்க, ஃப்ரீயாக்கும்னு தலையாட்டிராதீங்க, அதுக்கு தனிக் காசு. மிச்சமான கேக்கை டப்பால போட்டுத் தரச் சொல்லிக் கேக்கலாம், வெள்ளைக்காரங்களே கேக்குறாங்க, கூச்சப்படாதீங்க.

கோயமுத்தூர்ல கான்ஃபரன்ஸ் அழைப்புல எல்லாம் ஹை டீன்னு போடுறாங்க, அதுவும் இதுவும் ஒண்ணா? (கோவை வாசகி)

இல்ல. நம்ம ஊரு ஹை டீன்னா சமோசா, காபி, அப்புறம் யாராவது ஒருத்தர் பேசுவாரு. இங்கிலாந்துல ஹை டீன்னா வேலைக்குப் போற ஜனங்க சாயங்காலம் வீடு திரும்பி, சாப்பாட்டு மேஜையில உக்காந்து இறைச்சி, ரொட்டி, சீஸ், கூட டீன்னு பசிக்கு சாப்பிட்டது. ஆஃப்டர்நூன் டீதான் பணக்கார வீட்டு சமாச்சாரம். 1840 வாக்குல பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா, ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்குன்னு ஆனதுல நடுவுல பசி தாங்காம ரூமுக்கு டீயும் ரொட்டியும் பட்டரும் வரவழைச்சு, அப்புறம் ஃப்ரெண்ட்ஸையும் கூப்பிட ஆரம்பிச்சாங்கன்னு கதை சொல்வாங்க. நாலு மணிக்குப் பசிச்சா டிபன்னு பேரு வெச்சுட்டு நாம பாட்டுக்கு பஜ்ஜி போட்டுக்கிட்டோம், அவ்ளோதான் வித்தியாசம். பேரு ஹைன்னு இருக்கிறதால அதுதான் உசத்தின்னு நெனச்சு ஹோட்டல்காரங்க மாத்திப் போட்டுட்டாங்க, லண்டன்ல போய் ஹை டீன்னு கேட்டாலும் புரிஞ்சுப்பாங்க, மனசுக்குள்ள சிரிச்சுப்பாங்க.

எங்க தாத்தா பாட்டி, தோட்டத் தமிழர்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து கோத்தகிரி வந்தவங்க, அங்கயும் கொழுந்து, இங்கயும் கொழுந்துதான். அந்த மாதிரி இடத்து மெனுவுல எங்க டீ இருக்குமா? (கோத்தகிரி வாசகர்)

இந்த லெட்டரைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

இருக்கும். மெனுவுல டார்ஜிலிங், அஸ்ஸாம், ஏர்ல் க்ரேக்கு அப்புறம் சிலோன்னு வரும், சில இடத்துல நுவரெலியா, ஊவான்னு மலை பேரோடயே போட்டிருப்பாங்க, நீலகிரியும் எப்பவாவது கண்ணுல படும். கூடவே ஆரஞ்சு பெக்கோன்னு எழுதியிருந்தா பழ வாசனை வரும்னு எதிர்பாக்காதீங்க, அது இலையோட தரத்துக்குப் பேரு, உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. முழு இலையா அந்த பீங்கான் டீபாட்டுக்குள்ள பிரிஞ்சு கிடக்கும், நம்ம டீக்கடை டஸ்ட்டு அங்க எட்டிக்கூடப் பாக்காது. உங்க பாட்டி கிள்ளின ரெண்டு இலை ஒரு மொட்டு அந்த டீபாட்டுல போச்சு, அதைச் சலிச்சுக் கடைசில நின்ன தூளு நமக்கு வந்துச்சு.

நான் அங்க உக்காந்திருந்தப்போ ஒண்ணு பாத்தேன். ஜன்னலுக்குக் கீழ ஆத்தோரமா, பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பல் நிக்குதே அதுக்குப் பக்கத்துல, வளைஞ்ச கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கட்டிடம், ஹேய்ஸ் கேலரியான்னு பேரு, இப்ப உள்ள கடை, ரெஸ்டாரண்டு. அது 1850கள்ல கட்டின துறைமுகக் கிடங்கு, இப்ப ஜனங்க நடக்குற தரையில அப்ப தண்ணி, டீ ஏத்திட்டு வந்த பாய்க்கப்பலுங்க உள்ளயே வந்து நின்னுச்சாம். கொஞ்சம் தள்ளி டவர் பிரிட்ஜுக்கு அந்தாண்ட பட்லர்ஸ் வார்ஃப், அதுவும் டீ அடுக்கி வெச்ச கிடங்குதான், இப்ப கோடீஸ்வர ஃபிளாட்டு. 1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளைக்காரர் இலங்கையில லூல்கந்துரங்கிற தோட்டத்துல 19 ஏக்கர்ல டீ போட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு அங்க இருந்த காபிச் செடில துரு நோய் வந்து அந்தத் தொழிலே அழிய, மலை முழுக்க டீ ஆச்சு, அதுக்காகவும் நம்ம ஜனங்களைக் கூட்டம் கூட்டமா கொண்டு போனாங்க. 1948ல இலங்கை அரசு அவங்க குடியுரிமையையும் பறிச்சுது. லண்டன்ல டீ ஏலம் 1998 வரைக்கும் நடந்திருக்கு. மலையில கிள்ளினது இந்த ஆத்துக்கரைல இறங்கி, ஏலம் போய், அடுத்தவன் பேரு போட்ட டப்பாவுல ஊரெல்லாம் போச்சு. அந்த ஜன்னல்ல இருந்து எல்லாரும் டவர் பிரிட்ஜைத்தான் போட்டோ எடுக்கிறாங்க. நீங்க என்னைக்காவது போனா அந்தக் கண்ணாடிக் கூரையைப் பாருங்க, சிலோன் டீ ஆர்டர் பண்ணுங்க, முதல் கப்பு பால் ஊத்தாம குடிங்க.

ஸ்கோன்ல முதல்ல ஜாமா, க்ரீமா? (சென்னை வாசகி)

கார்ன்வாலுக்குப் பக்கத்து மாவட்டமான டெவன்காரங்க க்ரீம் முதல்லன்னு, கார்ன்வால்காரங்க ஜாம் முதல்லன்னு அடிச்சுக்குவாங்க, வடகலை தென்கலை மாதிரி. நான் கார்ன்வால் கட்சி, ஜாம் மேல க்ரீம் வெச்சாத்தான் நெறைய வைக்க முடியுது.

அவ்ளோ காசு இல்ல, ஆனா ஆசை இருக்கு. படிக்க வந்த பசங்களுக்கு வழி சொல்லுங்க. (லண்டன் மாணவர், சொந்த ஊர் தஞ்சாவூர்)

ரெண்டையும் பிரிச்சுடுப்பா. காட்சிக்கு ஸ்கை கார்டன் இல்லன்னா 58வது மாடியில இருக்கிற ஹொரைசன் 22 போ, ரெண்டும் இலவசம், முன்கூட்டி ஆன்லைன்ல ஸ்லாட் போடணும். அப்புறம் கீழ இறங்கி ஏதாவது ஒரு சின்ன கஃபேல க்ரீம் டீன்னு கேளு. டீயில க்ரீம் போட்டுத் தருவான்னு நெனைக்காத, ஸ்கோன், ஜாம், க்ரீம், ஒரு பாட் டீ, அவ்ளோதான் அது, பெரிய இடத்து விலையில சின்னப் பங்குதான் ஆகும்.

சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போடுவேன், அங்க கேவலமா பாப்பாங்களா? சுண்டு விரலைத் தூக்கணுமாமே? (நாகர்கோவில் வாசகி)

விரலைத் தூக்கினாத்தான் சிரிப்பாங்க, சும்மா பிடிங்க. ஸ்பூனை டங்கு டங்குன்னு ஆட்டாம கலக்குங்க, அது போதும். பால் சில்லுன்னு வரும், நம்மள மாதிரி காய்ச்சின பாலை எதிர்பாக்காதீங்க, நான் சுடச்சுட பால் கேட்டு, அந்தப் பையன் நல்ல பையன், சிரிக்காம கொண்டுவந்து குடுத்தான். சர்க்கரை கட்டியா கிண்ணத்துல இருக்கும், கூட ஒரு குட்டி இடுக்கி. மூணு கட்டி எடுத்தேன், நாலாவது வழுக்கி பக்கத்து டேபிளுக்கு அடியில ஓடிருச்சு, இன்னும் அங்கதான் கிடக்கும்.