வாசகர் கேள்விகள்: பேராலயத்துக்குள் போக டிக்கெட் எதற்கு?

கேள்வி: லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. பாரீஸ் நோத்ர தாமில் இலவசமாகவே விடுகிறார்கள். ஆண்டவர் சந்நிதிக்கு டிக்கெட் போடுவது நியாயமா?

பதில்: கட்டடத்தைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோத்ர தாம் பிரெஞ்சு அரசின் சொத்து. கூரை ஒழுகினால் அரசுதான் சரிசெய்ய வேண்டும். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ஆலயங்களைப் பார்வையிட வருவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. 2024-இல் கலாச்சார அமைச்சர் ரஷீதா தாதி 5 யூரோ வசூலிக்கலாம் என்றபோது பாரீஸ் மறைமாவட்டம் சம்மதிக்கவில்லை. கோபுரம் ஏறவும் கருவூலம் பார்க்கவும் மட்டும் அங்கே தனிக் கட்டணம்.

இங்கிலாந்து நிலவரம் வேறு. அங்கே பேராலயங்களின் அன்றாடச் செலவுக்கு அரசின் நிரந்தர மானியம் கிடையாது. செயின்ட் பால் 1991-இலும் யார்க் மின்ஸ்டர் 2003-இலும் கட்டணத்துக்கு மாறின. செலவும் லேசுப்பட்டதல்ல. கூரையில் போர்த்திய ஈயத் தகடு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆனால் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. ஆண்டுக்கணக்கில் சரிவில் இறங்கி இறங்கி ஒருநாள் வெடிப்பு விடும். அதன் வழியே இறங்கும் மழைநீர் அடியிலுள்ள மரச்சட்டத்தை உளுக்க வைக்கும். ஒரு தகட்டை மாற்றவும் அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டியாக வேண்டும். சுண்ணாம்புக் கல்லோ அமில மழையில் கரைந்து, செதுக்கிய முகங்களில் மூக்கும் கண்ணும் மழுங்கிவிடும். கெட்டுப்போன கல்லைப் பெயர்த்தெடுத்து, அதே அளவில் புதிதாகச் செதுக்கிப் பொருத்தக் கல்தச்சர்கள் ஆண்டு முழுதும் வேண்டும்.

ஆகவே சுற்றிப் பார்க்க வருபவரிடம் கேட்பது தவறில்லை. ஜெபிக்க வந்தவரிடம் கேட்கவே கூடாது. வழிபாட்டு நேரத்தில் நுழைவு இலவசமாக இருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1221-ஆம் விதியே சொல்கிறது. அந்த நேரத்துக்கு வெளியேயும் ஜெபிப்பவருக்குத் தனி வாசல் வேண்டும். டிக்கெட் வரிசையில் நின்று, வந்த காரணத்தை அவர் விளக்கும் நிலை வந்தால் அந்த ஆலயம் தன் வேலையில் தவறுகிறது.

கேள்வி: காணிக்கைப் பெட்டி போதாதா?

பதில்: இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயம் காணிக்கையை நம்பித்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெட்டி தூண் மறைவில் இருந்தால் சில்லறைதான் விழும். வெளியேறும் வழியில், கார்டு தட்டும் கருவியோடு, எவ்வளவு தரலாம் என்ற பலகையும் இருக்க வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்து போகிறோம். கட்டணமில்லாமல் உள்ளே போக வழி உண்டா?

பதில்: உண்டு. பாடகர் குழு பாடும் மாலை ஆராதனைக்குப் போங்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருங்கள். ஆராதனை நடக்கையில் படம் எடுக்கவோ சுற்றி நடக்கவோ கூடாது. மற்ற நேரத்தில் தனியாக ஜெபிக்க விரும்பினால் வாசலில் நிற்கும் பணியாளரிடம் சொல்லுங்கள், அதற்கான சிற்றாலயத்தைக் காட்டுவார்.

டிக்கெட் வாங்கினால், 'கிஃப்ட் எய்டு' படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்கலாம். போட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து ஆலயத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அது பிரிட்டனில் வரி கட்டுவோருக்கு மட்டும். நீங்கள் அங்கே வரி கட்டாதவர் என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். பல பேராலயங்களில் ஒரே டிக்கெட் ஓராண்டுக்குச் செல்லும் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.