தேங்காயை நிறுத்தியும் கொழுப்பு ஏன் இறங்கவில்லை?

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 61 வயது, வயல் செய்கிறவர். இரத்தம் சோதித்தபோது எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 142, ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 310. பயந்துபோய்த் தேங்காயை அடியோடு நிறுத்திவிட்டோம். சொதியும் இல்லை, சம்பலும் இல்லை. மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 126க்கு இறங்கியது. ட்ரைகிளிசரைட் 305இல் நிற்கிறது. காலையில் பிட்டு, இரண்டு நேரம் சோறு, ஐந்து தரம் பிளேன்டீ. இதற்கு மேல் எதைக் குறைப்பது?
— மகள், புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, தேங்காயைக் குறைத்த பலன் எல்டிஎல்லில் தெரிகிறது. தேங்காயெண்ணெயில் நூறு கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. நல்லெண்ணெயில் 15 கிராம் அளவுதான். எல்டிஎல்லை ஏற்றுவது இந்த நிரம்பிய கொழுப்பு.

ட்ரைகிளிசரைட்டின் கதை வேறு. உடம்பு செலவழிக்காத மாச்சத்தையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. வெறும்வயிற்றில் 150க்குள் இருக்க வேண்டியது 300க்கு மேல் நிற்கிறதென்றால், நான் முதலில் பார்ப்பது சோற்றுக் கோப்பையைத்தான். மண்வெட்டியோடு விடிய இறங்கிய காலத்தில் அந்தக் குவியல் சோறு எரிந்து போனது. இன்று உழவுக்கு உழவு இயந்திரம், வெட்டுக்கு அறுவடை இயந்திரம். கோப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. வன்னியில் என்னிடம் வந்த எத்தனையோ அப்பாமாருக்கு இதுதான் நிலைமை. எண்ணெய்க்குப் பயப்படுகிறோம், சீனிக்குப் பயப்படுவதில்லை! ஒரு தேக்கரண்டி சீனி நாலைந்து கிராம். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி என்றால் ஐந்து தரத்துக்கு 40 கிராம் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. பனங்கட்டிக்கு மாறினால் சரி என்று நினைக்க வேண்டாம், அதுவும் சீனிதான்.

சோற்றைப் பாதியாக்குங்கள். சிவப்பரிசி நல்லது, ஆனால் அதிலும் அளவு முக்கியம். மிச்ச இடத்துக்குப் பயிற்றங்காய், முருங்கையிலை, அவித்த பயறு அல்லது கௌபி. முல்லைத்தீவுக் கரையில் சூடை மீன் மலிவாக வரும்போது வாங்கி, பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். அந்த மீன் கொழுப்பு ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க உதவும். பிட்டுக்கு இரண்டாம் பாலில் மெல்லிய சொதி கொஞ்சம் ஊற்றட்டும். ஒன்றுமில்லாமல் எத்தனை நாள் சாப்பிடுவார்?

2017இல் லான்செட் மருத்துவ இதழில் 18 நாடுகளில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. மாச்சத்தை மிக அதிகமாகத் தின்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. அதைக் காட்டி நெய்யும் இறைச்சியும் எவ்வளவும் தின்னலாம் என்பவர்களை நம்ப வேண்டாம். அது மக்களின் சாப்பாட்டைக் கேட்டுப் பதிந்து, பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு; இதனால்தான் இது வந்தது என்று அது நிரூபிக்காது. நெய்க்கு அனுமதிச் சீட்டு அல்ல.

அப்பா கள்ளோ சாராயமோ எடுப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுப்பவரென்றால் அதை நிறுத்தாமல் இந்த இலக்கம் இறங்குவது கஷ்டம். அடுத்த முறை கிளினிக்கில் வெறும்வயிற்றுச் சீனியையும் சோதிக்கக் கேளுங்கள்; நீரிழிவு மறைந்திருந்தாலும் ட்ரைகிளிசரைட் இப்படி ஏறும். டொக்டர் குளிசை தந்திருந்தால், இலக்கம் இறங்கியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.