மூன்றாக மடிக்கும் துண்டறிக்கைக்கு எழுத்துருவையும் நிறங்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 செ.மீ. அகலமே இருக்கும் என்பதால், அகன்ற எழுத்துருக்களைத் தவிர்த்து, 10 புள்ளி அளவிலும் தெளிவாகப் படிக்க முடிகிற ஒன்றை உள்ளடக்கத்துக்கும், அதன் தடித்த வடிவத்தையோ வேறொன்றையோ தலைப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது எழுத்துரு பெரும்பாலும் குழப்பமே. தமிழில் ‘கீ’, ‘சு’ போன்றவை மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். திரையில் ஒளிரும் பச்சையும் ஊதாவும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். ஆகவே கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு அச்சு மைகள்) முறையில் அமைப்பது நல்லது. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு மைகளையும் கலந்தால், அச்சுத் தகடு இம்மியளவு விலகினாலும் எழுத்தோரத்தில் வண்ண நிழல் தட்டும். அடர்நிறப் பட்டையை மடிப்புக் கோட்டின் மேல் ஓடவிட்டால், தடித்த தாளில் அங்கே மை வெடித்து வெள்ளைக் கீறல் விழக்கூடும்.