ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பா, ஜெர்மனா? கெம்னிட்ஸ் வரும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பொள்ளாச்சிப் பக்கம் ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் கோவையில் மெக்கானிக்கல். லீவு நாட்களில் மாமாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. அக்டோபரில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பு. ஐஇஎல்டிஎஸ் தேறியாயிற்று, ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் வாய் குழறுகிறது. கிளம்புவதற்குள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா, அக்கா?

வேண்டாம். அந்தப் பணத்தை ஜெர்மன் வகுப்புக்குக் கட்டுங்கள். கோவையிலேயே கோத்தே சென்டர் இருக்கிறது. முதல் நிலையான ஏ1 முடித்து, அடுத்த நிலையான ஏ2-வில் பாதியாவது தாண்டிவிட்டு விமானம் ஏறுங்கள். போன பிறகு படித்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் வீடு தேடுவதிலும் நகரப் பதிவு அலுவலகத்திலும் பார்ட் டைம் வேலை தேடுவதிலுமே கரைந்துவிடுகிறது. வந்த பிறகு பல்கலைக்கழக மொழி மையத்தில் தொடரலாம், நகர நடுவில் டீட்ஸ் கட்டடத்தில் இருக்கும் ஃபோக்ஸ்ஹோக்ஷூலேயிலும், அதாவது பெரியவர்களுக்கான பொதுக் கல்வி மையத்திலும் தொடரலாம். (அந்தக் கட்டடத்துக்குள் கல்லாகிப்போன மரங்கள் நிற்கின்றன, ஏறத்தாழ 29 கோடி வருடத்துப் பழசு. வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்ப் பாருங்கள்.)

கெம்னிட்ஸுக்கு ஜெர்மன் கூடுதலாகவே தேவை. அது பழைய கிழக்கு ஜெர்மனி. 1953 முதல் 1990 வரை ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். அந்தக் காலத்தில் பள்ளியில் முதல் அந்நிய மொழி ரஷ்யன். பட்டறையில் லேத்தை உங்கள் கையில் விடப்போகிற மூத்த டெக்னீஷியனுக்கு ஆங்கிலம் வராமல் இருக்கலாம். அதிலும் அவர் பேசுவது சாக்சன் வட்டார வழக்கு. பாடப்புத்தக ஜெர்மன் படித்தவர்களே முதலில் திணறுவார்கள், பயப்படாதீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரே வரி: உங்கள் பேராசிரியருக்கும் அது இரண்டாவது மொழிதான், யாரும் இலக்கணம் பார்க்க மாட்டார்கள்.

அவர்கள் பார்ப்பது வேறு. நீங்கள் அனுப்பிய சுய அறிமுகத்தைப் படித்தேன். 'பொழுதுபோக்கு கிரிக்கெட், பாட்டு கேட்பது. பலம் கடின உழைப்பு. இலக்கு கம்யூனிகேஷன் ஸ்கில்லை வளர்ப்பது.' பிளேஸ்மென்ட் பயிற்சியில் எல்லோருக்கும் கொடுக்கிற அதே தாள். அதில் மாமா கடைக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்த அரை வரி மட்டும்தான் வேண்டும்.

கருகிப்போன மூன்று பேஸ் மோட்டாரைப் பிரித்தவுடன், எதனால் எரிந்தது என்று காயிலைப் பார்த்தே உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில் கருகி மூன்றாவது புதுசாக இருந்தால் ஒரு லைன் போயிருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, இல்லை வோல்டேஜ் குறைவு. இதை மூன்று நிமிடம் பேசிப் பழகுங்கள்: என்ன மோட்டார் வந்தது, என்ன பார்த்தீர்கள், என்ன சந்தேகப்பட்டீர்கள், எப்படி உறுதி செய்தீர்கள், அதில் உங்கள் கை எவ்வளவு, மாமாவின் கை எவ்வளவு. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், ஏ2 வந்ததும் உடைந்த ஜெர்மனில். இங்கே பேராசிரியர்களிடம் ஹிவி வேலைக்கு, அதாவது மாணவர் உதவியாளர் வேலைக்குப் போனால் இதைத்தான் கேட்பார்கள். வாய்மொழித் தேர்விலும் அப்படியே. நம் ஊர் வைவா மாதிரி வரையறை கேட்டு விட்டுவிட மாட்டார்கள். ஒரு வளைகோட்டை வரையச் சொல்லி, அது ஏன் அங்கே வளைகிறது என்பார்கள். மனப்பாடம் இரண்டாவது கேள்விக்கே தாங்காது. கடைசி வருட ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியிருந்தால் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். இரண்டு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

அடுத்தது தலையாட்டல். உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எங்கள் குழுவுக்கு ஒரு தமிழ்ப் பையன் வந்தான், கெட்டிக்காரன். இழுவிசைச் சோதனையை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் ஜெர்மனும் ஆங்கிலமுமாகக் கலந்து சொன்னார். பையன் தலையை ஆட்டினான். மாலைக்குள் அத்தனை மாதிரிகளும் தப்பான வேகத்தில் இழுபட்டுக் கிடந்தன. அவருக்கு மாதிரிகள் போனது பெரிய விஷயமே இல்லை. 'புரியாதபோது ஏன் கேட்கவில்லை?' என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நம் கல்லூரிகளில் மறுபடி கேட்டால் சார் கோபித்துக்கொள்வார், இங்கே கேட்காவிட்டால்தான் கோபம். 'நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்' என்று தொடங்கி, சொன்ன வேலையைத் திருப்பிச் சொல்லுங்கள். குழு விவாதத்தில் கத்திப் பேசுவதைவிட இந்த ஒரு பழக்கம் உங்களை அதிக தூரம் கொண்டுபோகும்.

தமிழ்ப் பையன்களோடு தங்கக் கூடாது, மொழி வராது என்று உங்களிடம் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜனவரியில் நாலரை மணிக்கே இருட்டும்போது ரசம் வைக்க ஆள் இருப்பது முக்கியம். தங்குங்கள். அதோடு வாரம் ஒரு மாலை தமிழே காதில் விழாத இடம் ஒன்று வேண்டும். வாலிபால், சைக்கிள் பழுதுபார்க்கும் குழு, எதுவானாலும் சரி. கையில் வேலை இருக்கும் இடத்தில் மொழி சீக்கிரம் வரும், உங்களுக்கு அது இன்னும் சுலபம்.

வேலை கணக்கும் கேட்டிருந்தீர்கள். 2024 மார்ச் முதல் மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழக ஹிவி வேலை பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. கம்பெனிகளில் வெர்க்ஸ்டூடண்டாக, அதாவது படித்துக்கொண்டே பகுதிநேர ஊழியராகச் சேர்ந்தால் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை. பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கிடைக்கும். அதற்குள் ஜெர்மனில் ஏ2-வுக்கு அடுத்த நிலையான பி1-ஐத் தாண்டாமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்களில் பலருக்கு மதிப்பெண் அருமையாக இருக்கும்.

மோட்டார் பேச்சை எழுதி அனுப்புங்கள், ஆங்கிலத்திலேயே. திருத்தித் தர மாட்டேன், குறுக்குக் கேள்விதான் கேட்பேன்.