அண்ணா அனுப்பும் ஐபோனா, கடையில் புது அன்ட்ரொயிடா?

கேள்வி: மல்லாவியில் இருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, தான் பாவித்த ஐபோன் 12 ஐ ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது பழைய சம்சுங். இரண்டு சிம், மெமரி கார்ட் எல்லாம் அதில்தான். வயலுக்கும் அதைத்தான் கொண்டுபோவேன். தவறிப்போன அம்மாவின் குரல் பதிவுகள் வட்ஸ்அப்பில் இருக்கின்றன, அவை அழியக்கூடாது. ஐபோனை எடுக்கவா, புது அன்ட்ரொயிட் ஒன்று வாங்கவா?

பதில்: சும்மா வருகிற ஐபோனை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சம்சுங்கை விற்கவோ ஆருக்கும் கொடுக்கவோ வேண்டாம். ஒரே ஒரு போன்தான் வைத்திருப்பேன் என்றால் பதில் வேறு: உங்களுடைய பாவனைக்கு அன்ட்ரொயிட்தான் பொருந்தும்.

காரணம் வயல்தான். ஐபோன் 12 வெளிவந்தது 2020 இல். புதிதாக இருந்தபோதே அதன் பற்றரி 2815 எம்.ஏ.எச். மட்டும். சம்சுங் ஏ16 போன்ற நடுத்தர விலைப் போனில் 5000. ஐபோன் குறைவாகத்தான் பற்றரி குடிக்கும் என்பது உண்மை, ஆனாலும் வருசக்கணக்காகப் பாவித்த பற்றரி விடியத் தொடங்கி பொழுதுபடும்வரை தாங்குமென்று நம்பாதீர்கள். சூடு இன்னொன்று. சுற்றுவெப்பம் 35 பாகை செல்சியஸ்வரைதான் என்று அப்பிளே சொல்கிறது. சிறுபோக வெயிலில் வரம்பில் வைத்தால் ஸ்கிரீன் மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் ஆறும்வரை போன் வேலை செய்யாது. இது பழுது அல்ல, தன்னைக் காத்துக்கொள்கிறது. அன்ட்ரொயிடும் சூடாகும்தான், ஆனால் வயல் போனுக்கு ஏதும் நடந்தால் வயிறு எரிவது குறைவு.

வீட்டில் ஒரு சிம்மும் வயலில் மற்றச் சிம்மும் சிக்னல் எடுக்கிற இடங்களில் இரண்டு சிம் ஆடம்பரம் அல்ல. ஐபோன் 12 இல் ஒரு சிம்தான் செருகலாம், இரண்டாவது ஈசிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்மாக, இருக்கவேண்டும். உங்கள் வலையமைப்பில் அதற்கு மாற்றித் தருவார்களா என்று முதலே கேளுங்கள். மெமரி கார்ட், இயர்போன் துளை, எப்.எம். ரேடியோ மூன்றும் கிடையாது.

சரி, ஐபோனில் என்ன லாபம்? கமரா, முக்கியமாக வீடியோ. பிறகு அப்டேட்: 2025 இல் வந்த ஐஓஎஸ் 26 (ஐபோனை இயக்கும் மென்பொருள்) கூட ஐபோன் 12 இல் ஓடுகிறது. அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருப்பதால் தமிழ் எழுத்துக்குக் குறையில்லை.

அண்ணா அனுப்பமுன் செய்யவேண்டியவை இருக்கின்றன. செற்றிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் ‘கரியர் லொக்’ என்ற இடத்தைப் பார்க்கட்டும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்கவேண்டும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போன்களைப் பூட்டாமல் விற்கவேண்டும் என்பதால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அமெரிக்காவில் எடுத்த போன் என்றால்தான் சந்தேகம். பற்றரி ஹெல்த் 80 வீதத்துக்குக் கீழே என்றால் அங்கேயே மாற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதே அபவுட் பக்கத்தில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது அசல்தானா என்பதும் தெரியும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, வாங்குங்கள். ஆங்கிலத்தில் IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பதில் வரும். இல்லை என்றால், போன் வந்துசேரமுன்னமே ஆணைக்குழுவிடம் பதிவைப் பற்றி விசாரியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், அண்ணா தன்னுடைய அப்பிள் ஐடியிலிருந்து சைன் அவுட் செய்து, பிறகு எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். இதை மறந்தால் இங்கே போனைத் திறந்தவுடன் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அந்தப் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று சொல்கிற கடையை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

இனி அம்மாவின் குரல். ஐபோனில் வட்ஸ்அப்பைப் போட்டு, நம்பரை அடித்து உள்ளே போனால் பழையவை தானாக வரும் என்று நினைப்பதுதான் வழமையான பிழை. கூகுள் டிரைவில் இருக்கும் பக்கப்பை (சேமித்த பிரதியை) ஐபோன் வாசிக்காது. எனவே முதலில் சம்சுங்கிலிருந்து நேரடியாக ஒரு பிரதி எடுங்கள். ‘மை பைல்ஸ்’ திறந்து, அன்ட்ரொயிட், மீடியா, கொம்.வட்ஸ்அப், வட்ஸ்அப், மீடியா என்று உள்ளே போனால் ‘வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ்’ என்ற போல்டர் இருக்கும். அதற்குள் கிழமைக்கு ஒன்றாகச் சின்னப் போல்டர்கள், ஒவ்வொரு பதிவின் பெயரிலும் திகதி. யார் அனுப்பியது என்று பெயரில் இருக்காது என்பதால் தேடிக்கொண்டிராமல் முழுப் போல்டரையும் மெமரி கார்டுக்கும் ஒரு கொம்பியூட்டருக்கும் பிரதி செய்யுங்கள். அவை ஓப்பஸ் வகை ஒலி பைல்கள், வி.எல்.சி. என்ற செயலியில் ஒலிக்கும்.

பிறகு மாற்றம். சம்சுங்கில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைப் போடுங்கள். ஐபோன் முழுதாக அழித்த நிலையில், ‘ஹலோ’ திரையிலிருந்து தொடங்கவேண்டும். வழியில் ‘அன்ட்ரொயிடிலிருந்து கொண்டுவா’ என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு குறியீடு காட்டும். அதைச் சம்சுங்கில் அடித்து, வரும் பட்டியலில் வட்ஸ்அப்பைத் தொடுங்கள். இரண்டு போனும் சார்ஜில் இருக்கவேண்டும். வீட்டில் வைபை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஐபோனே தற்காலிகமாக ஒன்றை உண்டாக்கும். சம்சுங்கின் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள், முடியும்வரை அந்தச் செயலியை விட்டு வெளியே போகாதீர்கள். இடையில் ஒரு அழைப்பு வந்தாலே அறுந்துபோகலாம். ஐபோன் 64 ஜிபி என்றால் மெமரி கார்டில் இருப்பதும் சேர்த்து அதற்குள் அடங்குமா என்று முதலே கணக்குப் பாருங்கள். முடிந்ததும் அதே நம்பரால் வட்ஸ்அப்பில் நுழையுங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று காதால் கேட்கும்வரை சம்சுங்கில் எதையும் அழிக்காதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விசயம். கனடாச் சார்ஜரில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் முனை மாற்றி மட்டும் போதும். ஐபோனில் எடுத்த படம் கொமினிக்கேசன் கடைக் கொம்பியூட்டரில் திறக்கவில்லை என்றால் செற்றிங்ஸ், கமரா, போர்மற்ஸ் போய் ‘மோஸ்ற் கொம்பாற்றிபிள்’ என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக் ஆக வரும்.