வாசகர் கேள்வி–பதில்: கடல் கடந்தவர்களின் பிள்ளைகள்

கேள்வி: பினாங்குத் தீவைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டே, 2026 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றது. குழுக்களின் எண்ணிக்கையை 48 ஆக உயர்த்தியதால் கிடைத்த சலுகைதானே இது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சலுகை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்பு ஆப்பிரிக்காவுக்கு 5 இடங்களே இருந்தன என்பதும், இப்போது நேரடியாகவே 9 இடங்கள் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஒன்பதும் தத்தம் பிரிவில் முதலிடம் பிடித்த குழுக்களுக்கே உரியவை. கேப் வெர்டேயின் பிரிவிலோ, எட்டு முறை உலகக் கிண்ணத்தில் ஆடிய கேமரூன் இருந்தது. 2024 ஜூனில் அதே கேமரூனிடம் 1–4 எனத் தோற்ற இக்குழு, 2025 செப்டம்பரில் தன் தலைநகர் பிரையாவில் 1–0 என வென்று, இறுதியில் 10 ஆட்டங்களில் 23 புள்ளிகளுடன், கேமரூனைவிட 4 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றுப் பிரிவின் முதலிடத்தில் நின்றது.

இது ஓரிரு ஆண்டுகளில் நடந்த அற்புதமும் அன்று. 1975இல் போர்த்துக்கல்லிடமிருந்து விடுதலை பெற்று, 1986இல் உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவில் சேர்ந்த இந்நாடு, ஆப்பிரிக்கக் கிண்ணத்தில் முதன்முதலாகக் கால் பதித்தது 2013இல்தான். அப்போது பயிற்றுநராக இருந்த லூசியோ அந்தூனெஸ், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகப் பணிபுரிந்தவர். அவருடைய குழு அந்த முதல் முயற்சியிலேயே காலிறுதியை எட்டியது. அதே ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் துனிசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 2–0 என வென்றபோது, கடைசிச் சுற்று கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆனால் தடை விதிக்கப்பட்டிருந்த ஓர் ஆட்டக்காரரைக் களமிறக்கியது தெரியவந்ததால், வெற்றி துனிசியாவுக்கு எழுதப்பட்டது. திடலில் வென்றதைக் காகிதத்தில் இழந்த அந்த நாளை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. முன்னாள் தேசிய ஆட்டக்காரரான பூபிஸ்தா 2020இல் பொறுப்பேற்றபின் குழு மீண்டும் நிதானமாக வளர்ந்தது. 2024 தொடக்கத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கிண்ணத்தில் கானாவை வென்று, காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் பினால்டியில்தான் வீழ்ந்தது.

கேள்வி: அவர்களுடைய ஆட்டக்காரர்களில் பலர் ஐரோப்பாவில் பிறந்தவர்கள். நம் மலேசியா வெளிநாட்டில் பிறந்தவர்களைச் சேர்த்தால் மட்டும் ஏன் குற்றமாகிறது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வெளிநாட்டில் பிறந்தவர் என்பது யாருக்கும் குற்றமாகவில்லை. அந்த மண்ணோடு அவருக்குள்ள உறவு மெய்யானதா என்பதே கேள்வி.

பத்துத் தீவுகள் கொண்ட கேப் வெர்டே மழையை எதிர்பார்த்து ஏமாந்த நாடு. வறட்சியும் பஞ்சமும் துரத்த, திமிங்கல வேட்டைக் கப்பல்களில் ஏறி அமெரிக்காவுக்கும், பின்னாளில் வேலை தேடி லிஸ்பனுக்கும் ரோட்டர்டாமுக்கும் பிரான்சுக்கும் போனவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் சேர்ந்தால், இன்று தாய்மண்ணில் வாழ்பவர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்திருக்கிறார்கள். பிரிந்துபோன ஊரை நினைத்து ஏங்குவதற்கு அவர்கள் மொழியில் ‘சொடாடே’ என்று ஒரு சொல் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவரின் பேரனான எனக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நெடுங்காலம் அந்தப் பிள்ளைகளின் திறமை பிற நாடுகளுக்கே பயன்பட்டது. சுவீடனின் ஹென்றிக் லார்சனுடைய தந்தை கேப் வெர்டேக்காரர். பிரான்சின் பத்ரிக் வியேராவுக்குத் தாய்வழியில் அத்தீவுகளோடு உறவு. போர்த்துக்கலுக்கு ஆடிய நானி பிறந்ததே பிரையாவில்தான். இந்த ஓட்டத்தை எதிர்த்திசைக்குத் திருப்பியதுதான் அந்நாட்டுச் சங்கத்தின் பெருஞ்சாதனை என்பேன். டப்ளினில் ஐரிஷ் தாய்க்கும் கேப் வெர்டேத் தந்தைக்கும் பிறந்த ரொபர்ட்டோ லோப்பெஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை அவர்கள் லிங்க்ட்இன் வழியாகத் தேடிப் பிடித்தார்கள். போர்த்துகீச மொழியில் வந்த முதல் செய்தியை அவர் வேண்டாத அஞ்சல் என்று ஒதுக்கிவிட, மாதங்கள் கழித்து ஆங்கிலத்தில் மறுபடியும் எழுதினார்கள். அந்த இரண்டாம் கடிதத்தின் பொறுமை என்னை மிகவும் தொட்டது.

2025 அக்டோபர் 13ஆம் நாள் பிரையாவில் எஸ்வாத்தினியை 3–0 என வென்று தகுதி பெற்றபோது, முதல் கோலை அடித்த டைலோன் லிவ்ரமெந்தோ ரோட்டர்டாமில் பிறந்தவர். இரண்டாவதை அடித்த வில்லி செமெடோ பிரான்சில் பிறந்தவர். கூடுதல் நேரத்தில் மூன்றாவதை அடித்த ஸ்தொப்பிராவோ அதே பிரையாவில் பிறந்து, 37 வயதிலும் தேசியச் சட்டையைக் கழற்றாதவர்.

நம் விவகாரம் வேறு. ஏழு ஆட்டக்காரர்களுடைய தாத்தா பாட்டியின் பிறப்பிடத்தைக் காட்டிய ஆவணங்கள் போலியாகத் திருத்தப்பட்டவை என்று கூறி, ஃபிஃபா 2025 செப்டம்பரில் நம் சங்கத்துக்கு அபராதமும் அந்த எழுவருக்கு 12 மாதத் தடையும் விதித்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் ஆடிய குழுவையும், ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் கம்பத்தைக் காத்த நாள்களையும் அறிந்த எவருக்கும் அந்தச் செய்தி துயரமே. அவர்கள் இந்நாட்டின் திடல்களில் வளர்ந்தவர்கள்; அந்தத் திடல்களுக்குச் செலவிடும் பணமும் கவனமும் குறைந்ததை ஈடுகட்ட எந்தப் பூர்வீகச் சான்றிதழாலும் ஆகாது.

கேள்வி: உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற நாடுகளில் மிகச் சிறியது கேப் வெர்டேதானா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இல்லை. 2018இல் ஆடிய ஐஸ்லாந்தின் மக்கள்தொகை மூன்றரை லட்சம் அளவே. கேப் வெர்டேயில் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். ஐஸ்லாந்துக்கும் கீழே, 2025 நவம்பரில் ஜமைக்காவோடு கோலின்றிச் சமன் செய்து தகுதி பெற்ற கரீபியத் தீவான குராசாவோ இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஆயினும் குராசாவோ நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டது. கேப் வெர்டே தகுதி பெற்றதோ, தன் விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில்.