கேளுங்கள், சொல்கிறேன்: சாராயத்துக்குப் பெர்மிட், கஞ்சாவுக்குக் கைவிலங்கா?

(பதில் சொல்பவர், இலங்கை மலையக நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

ஹட்டன் வாசகர்: சாராயக்கடைக்கு அரசாங்கமே பெர்மிட் கொடுக்கிறது. கஞ்சா வைத்திருந்தால் மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்? அமெரிக்காவிலேயே விட்டுவிட்டார்களாமே?

அங்கேயும் முழுதாக விடவில்லை, தம்பி. கலிபோர்னியா 1996இல் மருத்துவத்துக்கு அனுமதித்தது. அப்புறம் பல மாநிலங்கள் கடை வைக்கவே விட்டன. மத்திய சட்டத்தில் இன்னும் தடைதான். கனடா 2018இல் நாடு முழுக்கத் திறந்துவிட்டது. தாய்லாந்து 2022இல் அவிழ்த்துவிட்டு, 2025இல் வைத்தியரின் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது.

யாரோ கெடுதியை நிறுத்துப் பார்த்துத்தான் தடை போட்டார்கள் என்று நினைக்கிறோம். நிறுத்துப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. இந்தியாவில் வெள்ளைக்காரர் 1893இல் அமைத்த ஆணைக்குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, அளவோடு பாவிப்பவருக்குப் பெரிய தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரி போட்டு அடக்குங்கள் என்று எழுதியது. அதை யார் படித்தார்கள்? அபினுக்கும் கொக்கேயினுக்குமாக ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், கஞ்சாவையும் சேர்க்கச் சொல்லி எகிப்து விடாப்பிடியாக நின்றது. 1925 உடன்படிக்கையில் ஏறிவிட்டது. இங்கே நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இல் வந்தது. 1961இல் ஐ.நா. உடன்படிக்கை, ஹெரோயின் இருக்கும் மிகக் கடுமையான அட்டவணையிலும் கஞ்சாவை வைத்தது. அதிலிருந்து எடுக்க 2020 டிசம்பர் ஆயிற்று, அதுவும் 27க்கு 25 என்ற வாக்கில். மற்ற அட்டவணையில் இன்னும் இருக்கிறது. ஏற்றுவது சுலபம். இறக்கிவிட்டேன் என்று பெயர் வாங்க எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வருவதில்லை.

சாராயத்துக்கு மதுவரித் திணைக்களம் என்று ஒரு காவலன் உண்டு. மலையில் கொழுந்து பறித்த காசில் ஒரு பங்கு தவறணை வழியாகக் கஜானாவுக்குத் திரும்பிப் போவது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். சாராயம் கெடுதி குறைந்தது என்பதால் அல்ல. பெண்டாட்டியை அடித்த வழக்குகளில் நான் மொழிபெயர்த்தவற்றில் சாராய வாடை இல்லாதது அபூர்வம்.

அதற்காகச் சந்திக்குச் சந்தி கஞ்சாக்கடையும் திறக்கச் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலேயே தொடர்ந்து இழுப்பவர்களுக்கு மனநோய் அபாயம் கூடுகிறது என்பதை வைத்தியர்கள் சும்மா சொல்லவில்லை. விற்பவனைப் பிடியுங்கள். ஒரு சுருட்டுக்கான தூளோடு நிற்கும் பையனைக் குற்றவாளிப் பட்டியலில் ஏற்றாதீர்கள். என் கட்சி அவ்வளவுதான்.

பூண்டுலோயா தாய்: மகன் சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியில் கூட்டாளிகளோடு பிடிபட்டான். சின்னப் பொட்டலம். ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

ஒரு சட்டத்தரணியைக் கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. டிசம்பர் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் வரையான மலை யாத்திரைக் காலத்தில் இந்தக் காட்சி எனக்குப் பழக்கம். ஒரு வேன் பையன்கள் குரங்குத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு கூண்டில் நிற்பார்கள். குற்றப்பத்திரம் சிங்களத்தில் வாசிக்கப்படும். "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று நான் தமிழில் கேட்டு முடிக்குமுன்பே "குற்றவாளி ஐயா" என்று பதில் வந்துவிடும். அன்றைக்கே வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. வெளியே மாமன், சித்தப்பா எல்லாரும் நோட்டுகளைச் சேர்த்துத் தண்டத்தைக் கட்டுவார்கள்.

தண்டம் கட்டினாலும் அது தீர்ப்புத்தான். நாளைக்குக் கட்டாருக்கோ துபாய்க்கோ போகப் பொலிஸ் அறிக்கை கேட்கும்போது அது எழுந்து நிற்கும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். தவணைக்கு முன்பே போய்ப் பாருங்கள். மகனை வீட்டில் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

பண்டாரவளை வாசகி: மதன மோதகம் என்கிற ஆயுர்வேத உருண்டையிலும் கஞ்சாதானே? அது மட்டும் எப்படிக் கடையில் விற்கிறது?

கஞ்சாதான். ஆயுர்வேதத்தில் அதற்குத் திரைலோக்கிய விஜய என்று பட்டமே உண்டு. மருந்துக்கென்று சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். பிடிபட்ட கஞ்சாவில் ஒரு பகுதி, நீதிமன்றக் கட்டளையோடு ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குப் போவதுண்டு. வழக்குப் பொருள் அறையில் அந்தப் பொதிகளைப் பார்த்திருக்கிறேன். அரக்கு முத்திரை அப்படியே இருக்கும், உள்ளே நம் மலைப் பனிக்குப் பூஞ்சணம் பிடித்து, பழைய சாக்கு மணக்கும். வழக்கு முடியும் வரை கிடந்தால் வேறென்ன ஆகும்? வைத்தியர் தரும் மருந்து ஒன்று. பாடசாலைப் பிள்ளைகள் கைமாற்றும் உருண்டை வேறொன்று. பிள்ளையின் பையில் இருந்தால், எங்கே வாங்கினான் என்று முதலில் கேளுங்கள்.

தலவாக்கலை வாசகர்: சிவபெருமானே பாவித்தாராமே?

அவருக்கு ஆலகால விஷமும் ஒத்துக்கொண்டது. உங்களுக்கு எப்படி?

பொகவந்தலாவை வாசகர்: ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்கலாம் என்கிறார்களே, நம் தோட்டங்களுக்கு விடிவு வருமா?

2022 நவம்பர் வரவுசெலவுத் திட்ட உரையில் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க இந்தப் பேச்சை எடுத்தார். ஆராயக் குழு போடுவதாகச் சொன்னார். வளர்த்தாலும் பெரிய முதலும் உரிமமும் வேலியும் காவலும் உள்ளவர்களுக்குத்தான் அது. லயனில் ஏழு பேர்ச்சஸ் காணிக்கு இன்னும் உறுதிப்பத்திரம் கேட்டு நிற்கும் நமக்கு அங்கேயும் பறிக்கிற வேலைதான் மிஞ்சும். யாராவது வந்து ஆசை காட்டினால், நாட்சம்பளம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு செடி நட்டுப் பார்க்கலாமா என்றும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிணைக்கு ஆள் தேடி நீங்கள் அலைவதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.